வெட்டாமல் விட்ட அரை முழம்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோர் கயிற்றின் இயல்பை நன்கறிந்தவர். வள்ளத்தைக் கரையிற் கட்டும் மீனவர் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவதில்லை. அலையின் ஏற்ற இறக்கத்திற்கு இடங்கொடுத்துச் சற்றுத் தளரவிட்டே கட்டுவர். மோட்டார் சைக்கிளில் வயர் பூட்டுவோர்க்கும் இவ்வறிவு வேண்டும் என்பதை அண்மையிற் கண்டோம்.

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் தொழிலின் பொருட்டு வாரந்தோறும் கந்தளாய் வழியாக ஹபரணைக்குச் சென்று, இருட்டிய பின்னரே திரும்புபவர். கனடாவிலுள்ள அவருடைய மாமா, வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றையும் செய்மதி வானொலிப் பெட்டி ஒன்றையும் அனுப்பியிருந்தார்.

வானொலியின் கதை விரைவில் முடிந்தது. அதற்குரிய செய்மதிகள் வட அமெரிக்காவுக்கென்றே ஒலிபரப்புவன. அவற்றின் குரல் நமக்கு எட்டாது. 2000ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ஆசியாஸ்ரார் செய்மதி வழியாக வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் ஒருகாலத்தில் நம் பக்கத்திற்கும் ஒலிபரப்பியது; தமிழ்ப் பாடல்களும் கேட்டன. அந்நிறுவனம் 2008இல் நொடித்தது. ஆகவே பெட்டி மீண்டும் உறைக்குள் போயிற்று. ஜி.பி.எஸ். அத்தகையதன்று. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் உலகைச் சுற்றிவரும் அச்செய்மதிகள் ரொறன்ரோவுக்கும் மூதூருக்கும் பேதம் பாராட்டுவதில்லை.

கருவியோடு வந்த வயர் காருக்கென அமைந்தது, மிக நீளம். “சேர், அளந்து வெட்டிவிட்டால் வண்டி துப்புரவாக இருக்குமல்லவா?” என்றார் மாணவர். இருக்கும்தான். ஆனால் எங்கே வெட்டுவது? நுனியிலிருந்த செருகியை நறுக்கியெறிந்துவிட்டு நேரே பற்றரியில் இணைக்க அவர் எண்ணினார். 12 வோல்ற்றை 5 வோல்ற்றாகக் குறைக்கும் சிறு சுற்று அச்செருகியின் வயிற்றுக்குள்ளே அடங்கியிருந்தது! மேலே பொறித்திருந்த எண்களைப் படித்துக் காட்டினோம். செருகி தப்பியது, கருவியும் தப்பியது எனலாம். செருகியை இருக்கையின் கீழ் வைத்துக்கொண்டு, அதற்கும் கருவிக்கும் இடைப்பட்ட வயரை மட்டும் குறுக்குவதென முடிவாயிற்று. மூட்டை ஈயத்தாற் பற்றவைக்காமல் நெரித்து இறுக்கச் சொன்னோம். ஈயம் படிந்த கம்பி விறைத்துவிடும். ஓயாத அதிர்வில் அவ்விறைப்பின் ஓரத்திலேயே முறியும்.

அன்ரனாவின் வயரோ வேறு சாதி. நடுவே ஒரு செப்புக்கம்பி, அதைச் சூழக் காப்பு, அதன்மேற் கம்பிப் பின்னல். இவற்றின் இடைவெளி மாறாதிருப்பதே அதன் உயிர். செய்மதியிலிருந்து வருவதோ மிக நலிந்த அலை. வெட்டி முறுக்கி ஒட்டினால் அலையின் ஒரு பகுதி அம்மூட்டிலேயே திரும்பிவிடும். ஆதலால் அதை வெட்டவில்லை. மடிப்பு விழாமல் அகன்ற வளையமாகச் சுற்றி இருக்கையின் கீழ் வைத்தோம்.

மின்சாரத்தை முன்விளக்கின் வயரிலிருந்து எடுக்கலாம் என்றார்; அது கைக்கு அண்மையில் இருந்தது. இதற்கு மட்டும் நாம் கண்டிப்பாக மறுத்தோம். சென்ற ஆண்டு எம் அயலவர் ஒருவர் அவ்வாறே எடுத்து, அழகுக்காக வயரை இழுத்துக் கட்டியிருந்தார். கைபிடி திரும்புந்தோறும் வண்டியின் கழுத்தில் உரைந்து உரைந்து காப்புத் தேய்ந்தது. ஹபரணைக்கு இப்பால், யானைகள் கடக்கும் பகுதியில், ஓரிரவு செப்பு இரும்பைத் தொட்டது; உருகி எரிந்தது; முன்விளக்கும் அணைந்தது. காட்டுக்குள் கிளை முறியும் ஓசையைக் கேட்டுக்கொண்டே, ஒரு லொறியின் வெளிச்சம் வரும்வரை அவர் தெருவில் நின்றார். அந்த இருட்டைப் பற்றி அவர் இன்றும் அதிகம் பேசுவதில்லை.

மாணவர் பற்றரியிலிருந்தே தனிவழி எடுத்தார். தனி உருகியைக் கருவியின் அருகிலன்றிப் பற்றரியின் அருகில் வைத்தார். இடையில் எங்கே வயர் தேய்ந்தாலும் காக்க வேண்டுமன்றோ? பின்னர் கைபிடியை இடமும் வலமும் எல்லைவரை திருப்பி அளந்து, கழுத்தருகே அரை முழம் தளரவிட்டு, எஞ்சியதை வெட்டினார்.

“இந்தத் தொங்கலையும் எடுத்துவிட்டால் என்ன, தம்பி?” என்றார் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய தந்தையார். மாணவர் கைபிடியை ஒருமுறை முழுதும் திருப்பிக் காட்டினார். தொங்கல் மறைந்து, மீண்டும் வந்தது. கடலில் நாற்பது ஆண்டு உழைத்த அப்பெரியவர் வேறொன்றும் கேட்கவில்லை. வெட்டிப்போட்ட துண்டை எடுத்துத் தம் வள்ளத்து விளக்குக்கென மடியிற் கட்டிக்கொண்டார்.