மார்கழியில் நட்டால் பங்குனியில் தக்காளி

குளிர்காலத் தோட்ட வேலை என்று புத்தகங்களில் தேடினால் பனி, உறைந்த மண், செடிக்குப் போர்வை என்றுதான் பெரும்பாலும் வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். பழவேற்காட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கே மார்கழிக் குளிர் ஒரு துண்டைத் தலையில் கட்டினால் போய்விடும் குளிர்!

ஆனால் பழவேற்காட்டிலும் குளிர்காலத் தோட்டம் உண்டு. பயம் மட்டும் வேறு. அங்கே செடிக்குப் பகை குளிர் இல்லை, உப்பு.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். இரண்டுக்கும் இடையில் மணல்மேட்டில் மீனவக் குப்பங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும்போது ஏரியின் உப்பு குறையும். கோடையில் திரும்ப ஏறும். வீட்டுக் கிணற்றுக்கும் இதே கதைதான். மழை முடிந்ததும் தண்ணீர் வாய்க்கு நன்றாக இருக்கும், சித்திரையில் கரிக்கும். இதற்கு நடுவில் கிடைக்கிற நான்கைந்து மாதம்தான் தோட்டம் போடுகிறவருக்குச் சொந்தம்.

அப்படி ஒரு குப்பத்து வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பின்னால் இரண்டு சென்ட் கொல்லை, ஓர் உறைக்கிணறு, ஓர் ஆயா, கல்லூரி லீவுக்கு வந்திருக்கும் பேரன். ஏரிப் பக்கத்து மூலையில் ஒரு செம்பருத்தி. அதன் இலை ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. போன கோடையில் அந்த மூலை மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்தது.

"இத மேட்டுப் பக்கம் மாத்தணும்டா கண்ணு. இப்ப உட்டா அடுத்த மார்கழிதான்" என்கிறார் ஆயா.

ஏன் மார்கழி? காரணம் எளிது. மழை ஈரத்தில் மணல் வேரோடு ஒட்டிப் பிடித்து நிற்கும். மாசியில் தோண்டினால் அதே மணல் பொலபொலவென்று உதிர்ந்து வேர் அம்மணமாகிவிடும். வெயில் இளசாக இருப்பதால் இலை வழியாகப் போகும் நீரும் குறைவு. கோடை வருவதற்குள் புது இடத்தில் வேர் பிடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் கிடைக்கும்.

வேலை இப்படி. முந்தின நாளே செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். வேர் குறையும்போது இலையும் குறைந்தால்தான் கணக்கு சரியாகும். புதுக் குழியை முதலில் தோண்டி மக்கிய எரு போட்டுத் தயாராக வைத்துவிட்டு, பிறகுதான் செடியைத் தொடலாம். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாக வெட்டி, மண் உருண்டையோடு தூக்கி ஈரச் சாக்கில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பழைய ஆழத்திலேயே நட வேண்டும். சாயங்காலம் நட்டு, ஒரு வாரம் பனையோலையால் நிழல் கட்டினால் போதும். (பனையோலைக்குப் பழவேற்காட்டில் பஞ்சமில்லை, ஓலைப் பின்னலுக்கே பேர்போன ஊர்.)

காலியான மூலையில் என்ன வைப்பது? ரோஜா கூடாது, உப்பைத் தாங்காது. அரளியும் காகிதப்பூவும் தாங்கும். அரளியை ஆடும் தொடாது. ஆனால் அது விஷம், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை.

அடுத்தது தக்காளி. மீன் குழம்பு வைக்கிற ஊரில் தக்காளி சின்ன விஷயம் இல்லை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எத்தனை வீட்டுக் குழம்பில் புளி மட்டும் கரைந்ததோ!

தக்காளிக்கு ஆயா விரல்விட்டு எண்ணுகிறார். மார்கழி முதல் வாரம் நாற்று விட்டால் பொங்கல் வாக்கில் பிடுங்கி நடலாம். நாற்றுக்கு 25 முதல் 30 நாள் வயது. மாசியில் பூ, பங்குனிக் கடைசிக்குள் முதல் பழம். இதைத் தள்ளிப்போட முடியாது. இரவிலும் வெக்கை குறையாத நாட்களில் தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். பூக்கிற நேரம் சித்திரைக்குள் மாட்டினால் செடி இருக்கும், காய் இருக்காது. பெரியகுளத்தில் உருவாக்கி வெளியிட்ட பி.கே.எம்.1 போன்ற, வறட்சியைக் கொஞ்சம் தாங்கும் ரகம் இங்கே உதவும். செடிக்குச் செடி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை இரண்டடி.

வெயில் ஒரு கெடு என்றால் உப்பு இன்னொரு கெடு. 1977-ல் அமெரிக்காவில் மாஸ், ஹாஃப்மன் என்ற இரண்டு பேர் எந்தப் பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று அட்டவணை போட்டார்கள். மண் சாற்றின் உப்பு மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸ் வரை தக்காளி தாங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் ஏறக்குறைய 10 சதவீதம் போகும். பீன்ஸ் 1 அலகிலேயே முனக ஆரம்பிக்கும், பிறகு ஒவ்வோர் அலகுக்கும் 19 சதவீதம் போகும். அதனால்தான் இந்தக் கொல்லையில் தக்காளி உண்டு, பீன்ஸ் இல்லை. ஆயாவுக்கு மீட்டரும் தெரியாது, அட்டவணையும் தெரியாது. கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான்.

உப்பை ஏமாற்றச் சில வழிகள் உண்டு. பாரின் உச்சியில் நடாமல் சரிவில் நட வேண்டும், ஏனென்றால் நீர் ஆவியாகும்போது உப்பு உச்சியில்தான் போய்ச் சேரும். மண்ணைச் சருகாலும் தென்னை நாராலும் மூடினால் ஆவியாவது குறையும். தண்ணீரை இலையில் தெளிக்காமல் வேரில் ஊற்ற வேண்டும். கிழிந்த வலை ஆட்டுக்கு வேலியாகும். மீன் கழிவை வெல்லத்தோடு சேர்த்து ஊற வைத்தால் மீன் அமிலம், நிறைய தண்ணீர் கலந்து செடிக்கு விடலாம். (பக்கத்து வீட்டுப் பூனைகள் பற்றி இங்கே ஒன்றும் சொல்வதற்கில்லை.)

இத்தனையும் வாளியில் இறைத்துத்தான். பேரனுக்குக் கை வலிக்கிறது.

"ஒரு மோட்டார் போட்டா என்ன ஆயா?"

"மேல இருக்கறது நல்ல தண்ணி, கீழ இருக்கறது கடல். மொண்டா நல்ல தண்ணி வரும். உறிஞ்சினா கடல்தான் வரும்."

ஆயா சொன்னதற்கு அறிவியலில் ஒரு பெயர் இருக்கிறது. 1888-ஐ ஒட்டி பாடன் கைபென் என்ற டச்சு ராணுவப் பொறியாளரும், 1901-ல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே இதைக் கணக்காகப் போட்டார்கள். கடலோர மணலில் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் படித்தால்தான் விபரீதம் புரியும். மேலே 1 அடி குறைந்து அப்படியே நீடித்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். (1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டியதும் டச்சுக்காரர்கள்தான். கணக்கு மட்டும் பின்னால் வந்தது.)

இது வெறும் தாள் கணக்கு இல்லை. தெற்கே அதே பொன்னேரி வட்டாரத்தில் மீஞ்சூர் இருக்கிறது. சென்னையின் குடிநீருக்கும் விவசாயத்துக்கும் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் கடல் உள்ளே வர ஆரம்பித்ததை 1960-களின் கடைசியிலேயே ஆய்வுகள் பதிவு செய்தன. பிறகு அது பல கிலோமீட்டர் உள்ளே போனது. 2010-ல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். பூமிக்குள் சும்மா கிடைத்ததைக் கெடுத்துவிட்டு, கடலில் இருப்பதைக் காசு கொடுத்துச் சுத்தம் செய்கிறோம்.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் வயலுக்கு மேலே ஏறிய உப்பைப் பல இடங்களில் அடுத்து வந்த மழையே கழுவிவிட்டது. ஆழத்திலிருந்து நாமே இழுத்துவிட்ட உப்பு அவ்வளவு சுலபமாகப் போகாது.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த நாளில் யார், ஏரியில் எந்த இடத்தில் இறாலுக்கு வலை வைப்பது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதில் எல்லோருக்கும் இடமில்லை என்ற சண்டையும் இருக்கிறது. ஆனாலும் 'பொதுவில் இருப்பதை இஷ்டத்துக்கு அள்ளக் கூடாது' என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற ஏரிக்கு முறை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீருக்கு முறை வைப்பது முடியாத காரியமா என்ன? ஒரு வீடு மோட்டார் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, நாலாவது வீட்டு மோட்டார் இந்தக் கிணற்றையும் உப்பாக்கிவிடும்.

செம்பருத்தி இப்போது மேட்டுப் பக்கம் வந்துவிட்டது, பனையோலை நிழலில் நிற்கிறது. செடியைப் பத்தடி தள்ளி வைக்கலாம். கிணற்றை எங்கே தள்ளி வைப்பது?