எழுவாய் இழந்த தொடர்

பிழை கண்டு நகைத்தல் எளிது; பிழையின் வேர் காண்டல் அரிது. மொழி கற்பிப்போர்க்கு இவ்விரண்டனுள் பின்னதே கடமை என்பதை ஒரு மாணவரின் விண்ணப்பம் நமக்கு உணர்த்திற்று. அதனை இம்மலரில் பதிவு செய்ய விழைகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன், நம் துறையில் மூன்றாம் ஆண்டு பயின்ற மாணவர் ஒருவர், உதவித்தொகை வேண்டி ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பத்தை நம்மிடம் கொணர்ந்தார். முந்திய ஆண்டில்தான் அவருடைய தந்தையார் மறைந்திருந்தார். "ஐயா, பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள்" என்றார். படித்தோம், பிழையொன்றும் புலப்படவில்லை, பரிந்துரைத்துக் கையொப்பமும் இட்டோம். ஆசிரியர் அறையில் அதனை வாங்கிப் பார்த்த ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "தம்பி, உன் தகப்பனாரும் இங்கே இரண்டாம் ஆண்டு படித்தாரா?" என்று வினவினார். மாணவர் தலை கவிழ்ந்தார். கையொப்பமிட்ட நாமும் கவிழ்ந்தோம்.

மாணவர் எழுதியிருந்த தொடர் இது: 'வைல் ஸ்டடியிங் இன் தி செகண்ட் இயர், மை ஃபாதர் எக்ஸ்பயர்ட்.' 'இரண்டாம் ஆண்டு படிக்கும்போது என் தந்தையார் காலமானார்' என்பதே அவர் கருதிய பொருள். தமிழில் இதில் குற்றம் காண்பார் இல்லை. ஆங்கிலத்தில் அதுவே தந்தையை மாணவராக்கி விடுகின்றது. இஃது எவ்வாறு நேர்ந்தது?

ஆங்கிலத்தில் காலம் உணர்த்தும் சார்புத்தொடர், முழுவடிவில் தனக்கென ஓர் எழுவாயும் வினையும் பெற்று வரும். 'வைல் ஐ வாஸ் ஸ்டடியிங்' என்பது முழுவடிவு. அதில் 'ஐ வாஸ்' என்னும் இரு சொற்களையும் நீக்கிவிட, 'வைல் ஸ்டடியிங்' என்னும் குறுவடிவு எஞ்சும். இங்ஙனம் எழுவாயை இழந்த தொடர், தலைமைத் தொடரின் எழுவாயையே தனக்கும் கொள்ளும். தலைமைத் தொடரில் 'மை ஃபாதர்' நிற்பதால், படித்தவரும் அவரே ஆகின்றார்.

எல்லா இணைப்புச் சொற்களும் ஒருபடித்தாகக் குறுகுவன அல்ல. 'வென்', 'வைல்' ஆகியவை தாராளமாகக் குறுகும். 'வென் கிராசிங் தி ரோட்' என வினையோடும், 'வென் யங்' எனப் பண்புச் சொல்லோடும், 'வைல் இன் சென்னை' என இடத்தோடும் அவை வரும். 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்பன 'இங்' ஈறு பெற்ற வினையையே வேண்டும். 'ஒன்ஸ் ஓப்பன்ட்' எனலாம். 'ஆஃப்டர் ஓப்பன்ட்' எனல் ஆகாது. 'ஆஃப்டர் ஓப்பனிங்' எனல் வேண்டும். 'ஆஸ் சூன் ஆஸ் அரைவிங்' என்பது வழக்கன்று. 'ஆன் அரைவிங்' என்பதே வழக்கு. 'சின்ஸ்' என்பது முழுவடிவில் காலத்தையும் காரணத்தையும் சுட்டவல்லது. 'இங்' ஈற்று வினையொடு குறுகிய வழியோ காலத்தை மட்டுமே சுட்டும்.

இனி, நம் இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியர் வினையியலில் வினையெச்ச வாய்பாடுகளைத் தொகுத்துரைத்து, அவற்றுள் செய்து, செய்யூ, செய்பு என்னும் முதல் மூன்றும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என வரையறுக்கின்றார். 'சாத்தன் உண்டு வந்தான்' என்றால் உண்டவனும் வந்தவனும் ஒருவனே. 'செய' முதலிய ஏனையவற்றிற்கு இக்கட்டுப்பாடு இல்லை. 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்பதில் பெய்தது வேறு, நிறைந்தது வேறு. 'படிக்கும்போது' என்பதோ பெயரெச்சத்தோடு 'போது' என்னும் காலப்பெயர் சேர்ந்த அமைப்பு. படித்தவர் யார் என்பதை அது வெளிப்படச் சொல்லாமலே தனக்குள் வைத்துக்கொள்ளும். தலைமைத் தொடரின் எழுவாய்க்கு அது கட்டுப்படுவதில்லை.

மாணவர் வழுக்கிய இடம் இப்போது தெளிவாகும். 'வைல் ஸ்டடியிங்' என்பதன் பொருள் 'படிக்கும்போது'. அதன் நடத்தையோ 'படித்து' என்னும் எச்சத்தின் நடத்தை. பொருளை நோக்கியவர் நடத்தையை நோக்கத் தவறினார். அவர் அறிவின்மையால் பிழைத்தாரல்லர். தமிழறிவை ஆங்கிலத்தின்மேல் ஏற்றிப் பிழைத்தார். நாமும் அவ்வாறே பிழைத்தோம்.

ஆங்கிலேயரும் இதில் தவறாதவர் அல்லர். நகைத்த பேராசிரியரே மறுநாள் 'ஹாம்லெட்' நாடகத்தைக் கையில் ஏந்தி நம் துறைக்கு வந்தார். முதல் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில், இறந்துபட்ட மன்னனின் ஆவி தன் மகனிடம் பேசுகின்றது. தான் சோலையில் உறங்குகையில் பாம்பு தீண்டியதாக ஊரார் நம்பவைக்கப்பட்டனர் என்கின்றது. ஷேக்ஸ்பியர் அதனைக் குறுவடிவில் அமைத்திருப்பதால், இலக்கணப்படி உறங்கியது பாம்பே ஆகும். "அங்கும் ஒரு தந்தையின் சாவுச் செய்திதான். அதைப் படித்து நான் ஒருநாளும் சிரித்ததில்லை" என்று கூறிய பேராசிரியர், மாணவரை அழைத்து வருந்தினார். அப்பெருந்தன்மையை நாம் மறவோம்.

மருந்துப் புட்டியில் 'ஒன்ஸ் ஓப்பன்ட், யூஸ் வித்தின் எ மந்த்' என்றிருப்பின், திறக்கப்படுவது புட்டி, பயன்படுத்துவோர் நாம். விதி பிறழ்ந்தும் பொருள் பிறழாமையின் வழக்கு அதனை ஏற்கின்றது. நம் உரையாசிரியர்களும் 'ஞாயிறு பட்டு வந்தான்' என்பதைக் கண்டு எள்ளினார் அல்லர். 'பட' என்பது 'பட்டு' எனத் திரிந்ததென அமைதி கூறினர். பிழையின் முன் ஆசிரியன் நிற்க வேண்டிய நிலை அதுவே.

அன்று விண்ணப்பத்தைத் திருத்த இருவழிகள் இருந்தன. ஒன்று, 'ஐ லாஸ்ட் மை ஃபாதர்' எனத் தலைமைத் தொடரில் மாணவரையே எழுவாயாக்குதல். அப்போது குறுவடிவு அப்படியே நிற்கும். மற்றொன்று, 'வைல் ஐ வாஸ் ஸ்டடியிங்' என முன்தொடரை முழுமையாக்குதல். முன்னதே சுருக்கமும் அழகும் உடையதென நாம் கூறினோம். மாணவர் சற்றே எண்ணிப் பார்த்தார். "வேண்டாம் ஐயா, முழுசாகவே எழுதுகிறேன். அது வாப்பாவைப் பற்றிய சேதி. எழுவாயாக அவங்களே இருக்கட்டும்" என்றார்.

அவ்வண்ணமே எழுதப்பட்டது. நாம் மீண்டும் கையொப்பமிட்டோம். அன்று தொட்டு, மாணவர் எழுதும் குறுந்தொடர் ஒவ்வொன்றின் முன்னும் 'யார்?' என வினவுமாறு கற்பித்து வருகின்றோம். விடை தலைமைத் தொடரின் எழுவாயோடு ஒத்தால் சுருக்குக; ஒவ்வாவிடின் விரித்தெழுதுக. இரண்டு சொற்கள் கூடுவதால் தாளுக்கு இழப்பொன்றும் இல்லை.