மூன்று பேர் நிரப்பிய கருத்துப் படிவம்

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதை ஊருக்கே தெரியும். குறைந்த விலையில் நாப்கின் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கியவர். 2016-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். ஆனால், அந்தக் கதையில் பலரும் தாண்டிப்போய்விடும் இடம் ஒன்று உண்டு.

1998-ல் பஞ்சை வைத்து முதல் நாப்கினைச் செய்து மனைவி சாந்தியிடம் கொடுத்தார். எப்படி இருக்கிறது என்று உடனே தெரிய வேண்டும் அவருக்கு. மாதம் ஒருமுறைதானே பதில் கிடைக்கும்? சகோதரிகளைக் கேட்டார், மறுத்துவிட்டார்கள்.

சரி, முறைப்படியே செய்வோம் என்று இறங்கினார். மருத்துவக் கல்லூரி மாணவிகள் 20 பேரைச் சம்மதிக்க வைத்து, நாப்கினோடு கருத்துப் படிவமும் கொடுத்தார். படிவங்களை வாங்கப் போன அன்று பார்த்தால், மூன்று பேர் உட்கார்ந்து எல்லாருடைய படிவத்தையும் மும்முரமாக நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்!

அந்தப் பெண்களைக் குறை சொல்ல முடியுமா? அம்மாவிடமே ஜாடையாகச் சொல்கிற விஷயத்தை, முன்பின் தெரியாத ஆணுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கையில் படிவம் இருந்தால் எதையாவது நிரப்பித்தானே ஆக வேண்டும்? கஸ்டமர் கேரிலிருந்து போன் வந்தால், 'எல்லாம் ஓகே' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறவர்கள் எத்தனை பேர்! எந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதற்கு வேண்டுமானால் படிவம் உதவும். கூச்சம் இருக்கிற இடத்தில் அது பொய்தான் சொல்லும்.

அதன்பிறகுதான் தானே போட்டுப் பார்த்தார். ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி, உடம்போடு கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் மிதித்தார். எங்கே கசிகிறது என்று துணியே காட்டிக் கொடுத்தது. விலைதான் அதிகம். கறையையும் நாற்றத்தையும் பார்த்த ஊர் அவரை ஒதுக்கியது. மனைவி பிரிந்துபோனார். பயன்படுத்திய நாப்கின்களைக் கேட்டு வாங்கி வந்து வீட்டில் வைத்து ஆராய்ந்ததைப் பார்த்த அம்மாவும் கிளம்பிவிட்டார்.

இருந்தாலும், பிளாடர் காட்டியது கசிவை மட்டும்தான். வகுப்பில் எழுந்து நிற்கப் பயப்படும் பெண்ணின் மனசை அது காட்டாது. அங்கேதான் பின்னாளில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்தன. அவரது இயந்திரத்தை வாங்கிய பெண்கள் தாங்களே தயாரித்து, தாங்களே பெயர் வைத்து, அக்கம்பக்கத்தில் விற்றார்கள். காசு இல்லாதவர்கள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கொடுத்துக்கூட வாங்கிப்போனார்கள். விற்பவரும் பெண், வாங்குபவரும் பெண். 'போன தடவை சரியில்லக்கா' என்று சொல்ல அங்கே படிவம் எதற்கு?

ஐந்தரை ஆண்டுகள் கழித்து சாந்தி திரும்பி வந்தார்.