குரத்தி

கழுகுமலைக்கு மாணவிகளை அழைத்துப்போவது எளிய காரியம் அல்ல. வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆறு மணிக்குள் திரும்பிவிடுவோம் என்று ஒவ்வொரு தகப்பனாரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அதனால், ஒரு குழுவினர் ஞாயிறு காலையில் வரலாற்று நடையையும் இயற்கை நடையையும் சேர்த்து நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும் 24 பேருக்குப் பெயர் கொடுத்தேன். (நான்கு மணி நேர நடை. நிகழ்ச்சி நிரலில் கழிப்பறைக்கு ஒரு நிறுத்தம் இல்லை. பிள்ளைகள் பாதிப்பேர் தண்ணீரே குடிக்காமல் நடந்தார்கள்.)

வரலாறு சொன்னவர் விவரம் தெரிந்தவர். வெட்டுவான் கோயில் பாண்டியர் காலத்தது, 8ஆம் நூற்றாண்டு, மேலிருந்து கீழாகச் செதுக்கிய ஒற்றைக்கல், பாதியில் நின்றுபோனது. தந்தையும் மகனுமான இரண்டு சிற்பிகள், பொறாமை, கொலை என்று ஊர் சொல்லும் கதைக்கு மட்டும் அரை மணி நேரம் போயிற்று.

சமணப் பாறைக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து. செய்வித்தவர்களில் தச்சரும் குயவரும் உண்டு. கையில் கொடுத்த துண்டறிக்கையில் இப்படி ஒரு வரி: “குறத்திகள் சிலரும் இங்கே சிலை செய்வித்தனர்.”

இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி என் பக்கம் ஒதுங்கி வந்து கேட்டாள்: “மேடம், குறி சொல்றவங்களா இவங்க?”

குறி சொல்லும் குறத்தியும் மலைக்கு உரியவள்தான். அவளை இங்கிருந்து யாரும் விரட்ட வேண்டாம். ஆனால் கல்வெட்டில் இருப்பவள் வேறொருத்தி, இடையின ரகரம் போட்ட குரத்தி. குரவர் என்பதன் பெண்பால். ஆசிரியை. திருச்சாரணத்துக் குரத்திகளின் பெயர் இந்தப் பாறையில் இருக்கிறது. திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கிருந்து இங்கே எத்தனை நாள் நடந்திருப்பார்கள்? யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள்? வடக்கே, முதலாம் ஆதித்த சோழன் காலத்து வேடல் கல்வெட்டு கனகவீரக் குரத்தியாருக்கு 500 மாணாக்கியர் என்கிறது. விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தி அடிகள் ஒரு கிணறு வெட்டுவித்தார்.

இதையெல்லாம் அந்த வெயிலில் நின்று சொன்னேன். சொல்லும்போதே கூச்சமாகவும் இருந்தது. சமயக் குரவர் நால்வர் என்று பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பெண்பால் உண்டா என்று ஒரு முறையும் கேட்டதில்லை, மாணவிகளிடமும் சரி, என்னிடமும் சரி. துண்டறிக்கை எழுதியவரை மட்டும் எப்படிக் கோபிப்பது?

அடுத்தது பாகுபலி. உடம்பெல்லாம் கொடி படர, அசையாமல் நிற்கிறார். வரலாற்றுக்காரர் தவத்தைச் சொன்னார். இயற்கை நடையை நடத்திய இளைஞர், கொடிகள் பற்றிப் படரும் விதத்தைச் சொல்லிவிட்டுப் பக்கத்துப் புதரைக் காட்டி, “பெர்குலேரியா டேமியா” என்றார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஆடு மேய்த்துக்கொண்டு நின்ற ஓர் அக்கா சிரித்துவிட்டார்.

“என்ன தாயி, உத்தாமணியப் போயி என்னமோங்காரு. பிள்ளைக்குச் சளி கட்டுனா இதத்தான இடிச்சுச் சாறு எடுப்போம்.”

இளைஞர் நல்லவர். “சரிதான்க்கா, வேலிப்பருத்தின்னும் சொல்லுவாங்க” என்றார். ஆனால் அக்காவை அழைத்து நடுவில் நிறுத்தி, “நீங்களே சொல்லுங்க” என்று சொல்லத் தோன்றவில்லை. குழு நகர்ந்துவிட்டது. நான் ஐந்தாறு பிள்ளைகளோடு பின்தங்கி நின்றேன். அக்கா இன்னும் நான்கு செடிகள் சொன்னார். அந்தக் கால் மணி நேரம்தான் அன்று நான் கண்ட இயற்கை நடை.

திரும்பும்போது அதே மாணவி பாகுபலியிடம் மறுபடி நின்றாள். “இந்த ரெண்டு பேர் யாரு மேடம்? பணிப்பெண்ணா?”

பாகுபலியின் இருபுறமும் இரண்டு பெண்கள். அவருடைய தங்கைகள், பிராமியும் சுந்தரியும். ரிஷபதேவர் ஒரு மகளுக்கு எழுத்தையும் மற்றவளுக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது சமணக் கதை. யானையை விட்டு இறங்கு என்று அண்ணனிடம் சொன்னவர்களும் இவர்கள்தான். யானை என்றது அவர் மனத்தில் இருந்த செருக்கை. கல்லில் அவர்கள் அந்தக் கொடியை விலக்கிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் ஒருவர் பாகுபலியைச் சொன்னார், ஒருவர் கொடியைச் சொன்னார். கொடியை விலக்கும் கைகள் யாருடைய நிரலிலும் இல்லை.

அவள் துண்டறிக்கையை மடியில் வைத்துப் பேனாவால் றகரத்தை அடித்து ரகரம் எழுதினாள். பேருந்தில் மற்றப் பிள்ளைகளின் தாள்களையும் வாங்கித் திருத்தினாள்.

நான் அந்தக் குழுவுக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. அடுத்த நடைக்கு அச்சான துண்டறிக்கையைப் பார்த்தேன். பிழை இல்லை. “பெண் துறவியர் சிலரும்” என்று மாற்றியிருந்தார்கள். சொல்லே போய்விட்டது.

மறுபடி எழுதியிருக்கிறேன்.