உந்தவும் வேண்டும், ஓயவும் வேண்டும்

பழையதைப் பேணுதல் என்பது, அதனை இருந்தபடியே விட்டுவைப்பதன்று. குறையுற்ற உறுப்பை அறிந்து மாற்றுவதும் பேணுதலேயாகும். பாபநாசத்தில் எங்கள் இல்லத்து அம்பாசடர் கார் இதனை எங்களுக்கு நன்கு உணர்த்திற்று. மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையில் இவ்வகைக் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆயினும், இரவில் எவருக்கேனும் உடல்நலம் குன்றினால், கும்பகோணத்துக்கோ தஞ்சைக்கோ அழைத்துச் செல்ல எங்கள் தெருவுக்கு இன்றும் அதுவே துணை.

கோடை வந்தால் அதற்கு ஒரு பிணி. வெயிலில் ஓடி, ரயில்வே கேட்டில் சற்று நின்றால், மீண்டும் கிளம்ப மறுக்கும். நோயாளியை வைத்துக்கொண்டு என்ஜின் ஆறும்வரை காத்திருக்க இயலுமோ?

காரணம் எளிதே. பெட்ரோல் தொட்டி காரின் பின்புறத்தில் உள்ளது. பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்கு அளிக்கும் பம்போ, சுடுகின்ற என்ஜினின் பக்கவாட்டில் உள்ளது. கேம் தண்டு சுழலும்போது ஒரு நெம்புகோல் அசைந்து, டயஃப்ரம் என்னும் சவ்வை மேலும் கீழும் இயக்குகிறது. இழுக்கும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் சூடான பெட்ரோல் எளிதில் ஆவியாகும். அதன் பின் பம்ப் ஆவியை அமுக்குமேயன்றிப் பெட்ரோலை நகர்த்தாது.

நம் காவிரிப் படுகை உழவருக்கு இது புதிதன்று. பம்புசெட்டு நீரைத் தள்ளுவதில் வல்லது. ஆழத்திலிருந்து உறிஞ்சுவதில் மெலிந்தது. ஆகவே நீர்மட்டம் தாழ்ந்தால், குழி தோண்டி அதனை நீருக்கு அருகே இறக்குகிறோம். மின்சாரப் பெட்ரோல் பம்பையும் அவ்வாறே தொட்டியின் அருகில் தாழ்வாகப் பொருத்த வேண்டும். அங்கிருந்து தள்ளப்படும் பெட்ரோல் அழுத்தத்துடன் வருவதால் எளிதில் ஆவியாவதில்லை.

எந்தப் பம்பும் உதவும் என்று எண்ணலாகாது. ஒரு கடையில், இக்காலத்து இஞ்செக்‌ஷன் கார்களுக்குரிய பம்பையே எங்களிடம் நீட்டினர். அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அளவில் இருக்கும். கார்புரேட்டருக்கோ ஏறத்தாழ 2 முதல் 4 பவுண்டே போதும். மிகுந்தால் ஊசி வால்வு தாங்காது. பெட்ரோல் வழிந்து என்ஜின்மீது கொட்டும். ஆகவே குறைந்த அழுத்தமுள்ள 12 வோல்ட் பம்பையே தேடி வாங்கினோம்.

பம்புக்கு முன்னே வடிகட்டி வைத்தோம். பழைய பம்பைக் கழற்றிய இடத்தைத் தகடும் கேஸ்கட்டும் கொண்டு மூடினோம். ரப்பர் குழாய்களையும் மாற்றினோம்; இந்நாளில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு வரை எத்தனால் கலப்பதால், அதற்கேற்ற குழாய்களே தகும்.

வேலை முடிந்தது என்று நாங்கள் எண்ணிய வேளையில், மூத்த மெக்கானிக் ஒருவர் கூறினார்: "ஓட வைப்பது பெரிதல்ல ஐயா, நிற்க வைப்பதுதான் பெரிது."

எத்துணை உண்மை! பழைய பம்ப் என்ஜினோடு பிணைந்தது. என்ஜின் நின்றால் தானும் நிற்கும். மின்சாரப் பம்போ, சாவி திறந்திருக்கும் வரை ஓடும். விபத்தில் குழாய் அறுந்தாலும் பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும். ஒரு தீப்பொறி போதும், உள்ளிருப்போர் உயிருக்கே கேடு. எனவே ரிலேயும் ஃபியூசும் வைத்து, என்ஜின் எண்ணெயின் அழுத்தம் உள்ளவரை மட்டுமே மின்சாரம் விடும் சுவிட்சையும் பொருத்தினார். ஸ்டார்ட்டர் சுழலும் சில நொடிகளுக்கு மட்டும் தனி வழியில் மின்சாரம் செல்லும். மோதலின் அதிர்ச்சியில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் உண்டு.

இம்மாற்றத்தைச் செய்ய விழையும் அன்பர்கள் ஒரு சோதனையை மறவாதிருப்பார்களாக. என்ஜின் ஓடாதபோது சாவியைத் திறந்து வைத்துச் செவிசாயுங்கள். பம்பின் ஓசை கேட்டவண்ணம் இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. ஓசை ஏதும் இல்லையெனில், வீட்டாரை அச்சமின்றி ஏற்றிச் செல்லலாம்.