அந்தப் பூனைக்குட்டி வந்த வழி

2021 பிப்ரவரி 9. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 394-வது மாவட்ட நீதிமன்றம் ஜூம் வழியாகக் கூடியிருக்கிறது. பறிமுதல் வழக்கு ஒன்றின் விசாரணை. ராட் பான்டன் என்ற வழக்கறிஞரின் முகம் தெரியவேண்டிய கட்டத்தில் ஒரு பூனைக்குட்டி. அதன் கண்கள் இடமும் வலமும் அலைபாய்கின்றன. அவர் பேசப் பேச வாய் அசைகிறது. "நான் நேரலையில்தான் இருக்கிறேன், நான் பூனையில்லை" என்கிறார். குரலில் உண்மையான தவிப்பு.

இரண்டொரு நாளில் உலகமே பார்த்துவிட்ட காட்சி அது. எனக்கு மட்டும் ஒரு கேள்வி விடாமல் தொற்றிக்கொண்டது. இந்தப் பூனை எங்கிருந்து வந்தது?

நீதிபதி ராய் ஃபெர்குசன் அன்றே ட்விட்டரில் ஓர் அறிவுரை சொன்னார்: உங்கள் கணினியைக் குழந்தை யாராவது பயன்படுத்தியிருந்தால், விசாரணைக்கு வருமுன் ஜூமின் வீடியோ அமைப்பில் ஃபில்டர் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் குழந்தையின் வேலை என்று பலரும் முடிவுகட்டியது இதை வைத்துத்தான். நானும் ஜூமிலிருந்தே தேடலைத் தொடங்கினேன். அதன் ஃபில்டர்கள் தொப்பி மாட்டும், கண்ணாடி போடும். முகம் முகமாகத்தான் இருக்கும். ஆளையே விலங்காக மாற்றும் வசதியை ஜூம் கொண்டுவந்தது 2022-இல். ஆகவே பூனை ஜூமுக்குச் சொந்தமில்லை.

அடுத்த சந்தேகம் ஸ்னாப் கேமரா மேல். 2020 மார்ச்சில் லிசெட் ஒகாம்போ என்ற அமெரிக்க நிர்வாகி, மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் கூட்டத்தில் உருளைக்கிழங்காகத் தோன்றி, மாற்றத் தெரியாமல் கடைசிவரை உருளைக்கிழங்காகவே இருந்தார். அதற்குக் காரணம் இந்த மென்பொருள்தான். அதிலும் பூனைகள் இருந்தன. ஆனால் நீதிமன்றத்துக்கு வந்த பூனையின் முகவெட்டு வேறு. சற்றே பழைய பாணி வரைகலை, உயிர் வந்த ஃபோட்டோ மாதிரி.

விடை அந்தப் பழமையில்தான் இருந்தது. 2010 வாக்கில் டெல் மடிக்கணினிகளில் நிறுவப்பட்டே வந்த 'லைவ் கேம் அவதார்' என்ற மென்பொருள்! பழைய டெல் வைத்திருந்தவர்கள் பூனையைப் பார்த்ததுமே இணையத்தில் அடையாளம் சொல்லியிருந்தார்கள். பான்டன் அன்று உட்கார்ந்திருந்தது தன் உதவியாளரின் கணினி முன்னால்.

இந்த மென்பொருள் இயங்கும் விதம் தெரிந்தபோது அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. இவ்வகை மென்பொருள், கணினியிடம் தன்னையே ஒரு வெப்கேமாகப் பதிவுசெய்துகொள்கிறது. உண்மையான கேமராவின் படத்தை வாங்கி, கண் எங்கே, வாய் எங்கே என்று கண்டுபிடித்து, அதே அசைவைப் பூனைக்குக் கொடுத்து அனுப்புகிறது. ஜூமுக்கு வந்து சேர்வது பூனை மட்டுமே. உள்ளே மனிதர் இருப்பது அதற்குத் தெரியாது. வாசலிலேயே வேஷம் கட்டி அனுப்பியபின் மேடையில் ஒப்பனையைத் தேடுவதைப் போலத்தான், ஜூமின் ஃபில்டர் பட்டியலில் இதைத் தேடுவது. அன்று பான்டனின் உதவியாளர் பக்கத்திலேயே நின்று போராடியிருக்கிறார். நீதிபதியும் வீடியோ அமைப்பில் பாருங்கள் என்றுதான் சொன்னார். யாரும் கேட்காமல் விற்பனையின்போதே திணிக்கப்பட்ட ஒரு பொருள், பத்தாண்டு கழித்து ஒரு மூத்த வழக்கறிஞரை நீதிமன்றத்தில் தவிக்கவிட்டது. இதில் குற்றவாளி குழந்தையும் இல்லை, வயதும் இல்லை.

பதிவைத் திரும்பப் பார்க்கும்போது என்னைக் கவர்வது மற்றவர்களின் முகங்கள். இன்னொரு வழக்கறிஞர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்து பார்க்கிறார், கேலி செய்யவில்லை. நீதிபதி, எல்லாரும் கண்ணியமாக நடந்துகொண்டார்கள் என்று பிறகு பாராட்டினார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பூனை உருவிலேயே வழக்கை நடத்தத் தயார் என்றவர் பான்டன். பெருந்தொற்றுக் காலத்தில் விசாரணை தடைபடக்கூடாது என்ற அக்கறை அந்தப் பதிலில் இருந்தது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் ஃபில்டர் பட்டியலில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஜூமில் வீடியோ பொத்தானை ஒட்டி ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் கணினி அறிந்த கேமராக்களின் பெயர்கள் விரியும். அவற்றில் கணினியோடு பிறந்த கேமராவைத் தேர்ந்தெடுங்கள், பூனை போய்விடும்.