அப்பாவின் முழங்காலும் கியர் வண்டியும்

போன தடவை நம்ம சுவர் இதழில் எல்லாரும் மழை, மரம், அம்மா என்று எழுதியிருந்தீர்கள். நான் டிராக்டரைப் பற்றி எழுதப் போகிறேன். பொம்பளப் புள்ளைக்கு டிராக்டர் எதுக்கு என்று சிரிக்காதீங்க. எங்க வீட்டுச் சோறு அதிலிருந்துதான் வருது.

எங்க அப்பா டிராக்டர் டிரைவர். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அடுத்தவங்க வண்டியைத்தான் ஓட்டுகிறார். சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக அம்மா மகளிர் குழுவில் கடன் கேட்டிருந்தார்கள். ஆனால் அப்பாவுக்கு இடது முழங்காலில் வலி. ராத்திரி வேப்பெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்து விடுவது என் வேலை. "கிளட்ச் மிதிச்சு மிதிச்சு வந்தது பாப்பா" என்பார்.

ஒரு சனிக்கிழமை தூக்குவாளியில் சாப்பாடு கொண்டு போனேன். அப்பா சேறு உழுது கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்து அவர் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறார் என்று எண்ணினேன். அரை மணி நேரத்தில் 47 தடவை! ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2024 தை மாசம் சம்பா அறுப்புக்கு எங்க ஊருக்கு பெல்ட் மிஷின் வந்தது. ஆத்தூர் பக்கத்து அண்ணன் ஒருவர் ஓட்டினார். அவர் இடது காலால் எதையும் மிதிக்கவே இல்லை. கையில் ஒரு லிவர். முன்னால் தள்ளினால் போகுது, நடுவில் வைத்தால் நிற்குது, பின்னால் இழுத்தால் ரிவர்ஸ். "எப்படிண்ணே?" என்று கேட்டேன். "இது எச்.எஸ்.டி. பாப்பா. எண்ணெயிலே ஓடுது" என்றார். ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடி, "அப்பா! கிளட்ச் மிதிக்காத வண்டியா வாங்குங்க!" என்றேன். அப்பா சிரித்தார். நான் விடவில்லை.

மறுநாள் அறிவியல் சாரிடம் கேட்டேன். "அட, நம்ம பாய்மங்கள் பாடம்தானே!" என்று இரண்டு ஊசிக்குழாயில் தண்ணீர் நிரப்பி, நடுவில் ஒரு சின்னக் குழாயை மாட்டினார். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் தள்ளியது. மூடிய திரவத்தில் ஒரு இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும், அதுதான் பாஸ்கல் விதி. எச்.எஸ்.டி. வண்டியில் என்ஜின் ஒரு பம்பைச் சுற்றும். பம்பு எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் போய் ஒரு மோட்டாரைச் சுற்றும். மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். பம்புக்குள்ளே ஒரு தட்டு இருக்கிறது. லிவரைத் தள்ளினால் அந்தத் தட்டு சாயும். நிறையச் சாய்ந்தால் எண்ணெய் நிறையப் போகும், வண்டி வேகமாகப் போகும். நேராக நின்றால் எண்ணெய் போகாது, வண்டி நிற்கும். அமெரிக்காவில் 1967-லேயே இந்த மாதிரி டிராக்டர் விற்பனைக்கு வந்துவிட்டது என்றும் சார் சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பா என்னையும் டவுனுக்கு மெக்கானிக் மாமா பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமா அங்கே ஒரு கியர் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார். நான் கேட்டதைக் கேட்டுவிட்டு, "அறுப்பு மிஷின்ல எதுக்கு அதை வச்சிருக்கான்னு தெரியுமாம்மா?" என்றார். நான் முழித்தேன்.

அவர் சொன்னது இதுதான். பயிர் ஒரு இடத்தில் நிமிர்ந்து நிற்கும், ஒரு இடத்தில் சாய்ந்து கிடக்கும். சாய்ந்த இடத்தில் மிஷின் மெதுவாகப் போகணும். ஆனால் உள்ளே கதிரடிக்கிற உருளையின் வேகம் குறையவே கூடாது. குறைந்தால் நெல் சரியாக உதிராது, வைக்கோல் அடைத்துக் கொள்ளும். அதனால் என்ஜின் ஒரே வேகத்தில் ஓடணும், போகிற வேகம் மட்டும் நொடிக்கு நொடி மாறணும். அதற்கு எண்ணெய்தான் லாயக்கு. அந்த மிஷினிலும் வயலுக்குத் தனி, ரோட்டுக்குத் தனி என்று கியர் இருக்கிறதாம்!

"உழவு அப்படி இல்லம்மா. ஒரே கியர்ல, ஒரே வேகத்துல நாள் பூரா இழுக்கணும். பல்லும் பல்லும் சேர்ந்து சுத்தினா என்ஜின் பலம் கொஞ்சம்தான் வீணாகும். எண்ணெய் வழியா போனா அதைவிட அதிகமா சூடாவே போயிடும். டீசல் கூடச் செலவாகும். அந்த எண்ணெயில கொஞ்சம் தூசியோ தண்ணியோ கலந்தாலும் பம்பு தேஞ்சு போயிடும். அதைப் பிரிச்சுப் பார்க்க என்கிட்ட சாமான் இல்ல. கியர்னா ராத்திரி கூப்பிட்டாலும் வந்து பாத்துருவேன்."

எனக்கு அழுகை வந்தது. அப்போ அப்பா முழங்கால்? அதையும் கேட்டுவிட்டேன். மாமா அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "நீ கியர் போட்டப்புறமும் கிளட்ச் மேலயே காலை வச்சிருப்பியே, இன்னும் அப்படித்தானா?" என்றார். அப்பா தலையைச் சொறிந்தார். அப்படிக் காலை வைத்தே இருந்தால் கிளட்ச் பிளேட்டும் தேயும், முழங்காலும் தேயும் என்றார் மாமா. நான் மிதிப்பதை மட்டும்தான் எண்ணினேன். மிதிக்காத நேரத்தில் கால் எங்கே இருந்தது என்று பார்க்கவே இல்லை.

கடைசியில் இரண்டு கியர் வண்டி பார்த்தோம். ஒன்று விலை குறைவு. ஆனால் பெடல் கல்லு மாதிரி இருந்தது. பவர் ஸ்டியரிங் கிடையாது. இன்னொன்றில் பெடல் லேசு, பவர் ஸ்டியரிங்கும் உண்டு. ஆனால் நாற்பதாயிரம் ரூபாய் கூட. அப்பா முதல் வண்டியே போதும் என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் காதிலிருந்த தோட்டைக் கழற்றினார்கள். "தோடு அப்புறம் வாங்கிக்கலாம். முழங்கால் எந்தக் கடையில விக்குது?" என்றார்கள். அப்பா வாசலுக்குப் போய் வெகுநேரம் நின்றார்.

அந்த வைகாசியில் வண்டி வந்தது, குறுவை உழவுக்கு முன்னாலேயே. தோடு இன்னும் அடகில்தான் இருக்கு. அம்மா காதில் வேப்பங்குச்சி.

தோழர்களே, நல்லது கெட்டது என்று எந்த இயந்திரத்தையும் பொதுவாகச் சொல்ல முடியாது. அது எந்த வேலைக்கு, யார் ஓட்டப் போகிறார், கெட்டுப்போனால் யார் சரி செய்வார் என்று கேட்க வேண்டும். எனக்கு வேளாண் பொறியியல் படிக்க ஆசை. திருச்சி பக்கம் குமுளூரில் அதற்குக் கல்லூரி இருக்கிறதாம். உழவும் இழுக்கணும், முழங்காலும் வலிக்கக் கூடாது. அப்படி ஒரு வண்டியை நம்ம ஊர் விலையில் செய்ய முடியுமா என்று பார்க்கணும்.

அதுவரைக்கும் லீவு நாளில் வரப்பில் உட்கார்ந்து, "அப்பா, காலு!" என்று கத்துவதுதான் என் வேலை. அப்பா உடனே பெடலிலிருந்து காலை எடுத்துக் கீழே வைப்பார். இப்போ எங்க தெருப் பிள்ளைகளும் சேர்ந்து கத்துதுங்க. நீங்களும் அந்தப் பக்கம் வந்தால் ஒரு தடவை கத்திட்டுப் போங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி